வானத்தைக் கடன் வாங்காதீங்க சாமிகளா!

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் சூடா எழுதின பதிவு. மென்மையான மனசுக்காரங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம்.

விஷயம் என்னன்னா, நிலக்காட்சிப் படம் எடுக்கறவன் வெளிச்சத்துக்காகக் காத்துக்கிடக்கறது வேலைவெட்டி இல்லாதவன் செய்யற வேலைன்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. "எப்பவேணா போ, என்ன வெளிச்சம் இருக்கோ அதுல க்ளிக் பண்ணு, வானத்தை வீட்டுக்கு வந்து மாத்திக்கலாம்." இதான் அவங்க வேதம். 2019 கடைசியில் லூமினார் 4 வந்தப்ப இது மெதுவா ஆரம்பிச்சது. 2020 அக்டோபர்ல போட்டோஷாப்லயே வானம் மாத்தற வசதியைக் கொண்டாந்து வெச்சாங்க பாருங்க, அதோட சரி. மெனுவுக்குப் போய் ஒரு தட்டு தட்டினா ஆரஞ்சு வானம், ஊதா வானம், இடி மின்னல் வானம், எது வேணுமோ அது. இப்ப ஏஐ புண்ணியத்துல தட்டக்கூட வேணாம், என்ன வேணும்னு எழுதினாலே போதும்.

என் கட்சி ரொம்ப எளிமையானது. காத்திருப்பது அழகான வானத்துக்காகச் செய்யும் தவம் என்று நினைத்தால் அது அசட்டுத்தனம்தான், ஒத்துக்கறேன். ஆனால் ஒரு இடத்தில் எந்த வெளிச்சம், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த மாசத்தில், எவ்வளவு நேரம் விழும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. அதைத் தெரிஞ்சுக்காம எடுத்த படத்துல மலை இருக்கும், குளம் இருக்கும், ஊர் இருக்காது.

ஒரு உதாரணம் சொல்றேன். நான் இருக்கற ஒரு போட்டோ குழுவுல போன வருஷம் ஒரு படம் வந்துச்சு. பாபநாசம் பக்கத்து வயல்வெளி, பின்னாடி பொதிகை மலை, மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் தகதகன்னு எழும்புது. தலைப்பு "காலைக் கதிரவன்". கீழே வரிசையா "செம", "தெய்வமே", "வால்பேப்பர் மெட்டீரியல்".

மக்கா, பாபநாசத்துல மலை இருக்கறது மேற்கே! அங்க வயல்ல நின்னு மலையைப் பார்த்தா காலைல சூரியன் உங்க முதுகுல அடிக்கும். சரி, சாயங்காலம் எடுத்துட்டு தலைப்பை மாத்தி வெச்சுட்டார் போலன்னு நல்லவிதமா நினைச்சு இன்னொரு தடவை பார்த்தேன். மலையோட முகத்துல வெயில் பளிச்சுன்னு அடிக்குது. வயல்ல நிக்கற தென்னைமரத்து நிழல் மலையைப் பார்த்து விழுது. அதாவது ஒரு சூரியன் மலைக்குப் பின்னாடி, இன்னொரு சூரியன் கேமராவுக்குப் பின்னாடி. பாபநாசத்துக்கு ரெண்டு சூரியன்!

மரியாதையாத்தான் கேட்டேன், "சார், வானம் மாத்தினீங்களா?" வந்த பதில்: "இது கலை பாஸ், ஜியாக்ரஃபி கிளாஸ் இல்ல."

அந்தப் பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

வானத்தை ஒரு பேக்ரவுண்டா நினைக்கறதுலதான் கோளாறே ஆரம்பிக்குது. ஸ்டூடியோவுல தாஜ்மகால் திரை, ஊட்டி திரைன்னு மாத்துவாங்களே, அந்த மாதிரி. ஆனா வெட்டவெளியில வானம்தான் விளக்கு. கீழே தெரியற ஒவ்வொரு புல்லுக்கும் வெளிச்சம் அங்கிருந்துதான் வருது. மேகம் மூடின நாள்ல வானம் முழுக்க ஒரே பெரிய விளக்கு, அதனால நிழலே விழாது. தெளிவான வானத்துல நிழல் கூர்மையா இருக்கும், அந்த நிழலுக்குள்ள நீல வானத்தோட நீலம் கொஞ்சம் கலந்திருக்கும். சூரியன் அடிவானத்துக்கு வந்தா அதோட ஒளி தலைக்கு மேல இருக்கும்போது கடக்கற காத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேல காத்தைக் கடந்து வரணும். வர்ற வழியில நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் வந்து சேரும். இதெல்லாம் கீழே நிலத்துல எழுதியிருக்கும். மேல நீங்க எதை ஒட்டினாலும் கீழே எழுதினது அழியாது.

உடனே ஒரு தம்பி வருவார். "அண்ணே, அதெல்லாம் பழைய கதை. இப்ப சாஃப்ட்வேரே நிலத்தோட கலரையும் மாத்திடும், தண்ணியில பிம்பத்தையும் போட்டுடும்." தெரியும் ராசா. நானும் பொட்டி தட்டறவன்தான், அது எவ்வளவு நல்லா வேலை செய்யும்னு எனக்கும் தெரியும். இன்னும் ரெண்டு வருஷத்துல நிழலையும் திருப்பிப் போட்டுடும், எந்த நிபுணனாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால "கண்டுபிடிச்சுடுவாங்க"ங்கறது என் வாதமே இல்ல. யாரும் கண்டுபிடிக்கலைன்னாலும் அந்தப் படம் சொல்ற சேதி பொய். "இந்த இடத்துல இப்படி ஒரு வெளிச்சம் விழுந்துச்சு, நான் பார்த்தேன்" என்பதுதான் நிலக்காட்சிப் படம் சொல்ற ஒரே சேதி. அதுவும் பொய்னா மிச்சம் என்ன இருக்கு? ஃப்ரேமா?

சரி, காத்திருக்கறவங்க பக்கமும் கொஞ்சம் திரும்பிக்கறேன். அங்கயும் ஒரு பஜனை கோஷ்டி இருக்கு. பொன் நேரம், பொன் நேரம், பொன் நேரம்! சூரிய உதயத்துக்கு அப்புறம் ஒரு மணி நேரம், அஸ்தமனத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம், மத்த நேரமெல்லாம் கேமராவைப் பையில வெச்சுட்டுத் தூங்கணுமாம். வெள்ளைக்காரன் புஸ்தகத்துல எழுதினான், நாம மனப்பாடம் பண்ணிட்டோம்.

கணக்கு போட்டுப் பாருங்க. சூரியன் அடிவானத்துக்கு மேல 6 டிகிரிக்குள்ள இருக்கற நேரத்தைத்தான் பொதுவா பொன் நேரம்னு சொல்றாங்க. லண்டன்ல சூரியன் ரொம்பச் சரிவா இறங்கும். மார்ச், செப்டம்பர்ல அந்த 6 டிகிரியைக் கடக்க ஏறக்குறைய 40 நிமிஷம் ஆகும், கோடையில இன்னும் கூட. ஐஸ்லாந்துல ஜூன் மாசம் போனா மணிக்கணக்குல பொன்னாத்தான் இருக்கும். கன்னியாகுமரி 8 டிகிரி அட்சரேகையில இருக்கு. இங்க சூரியன் கிணத்துல வாளி இறங்கற மாதிரி நேரா இறங்கும். மொத்தம் 24, 25 நிமிஷம், ஆட்டம் க்ளோஸ். அவங்க ஊர் மணிக்கணக்கை நம்பி நம்ம ஊர்ல சாவகாசமா ட்ரைபாட் விரிக்கறவன் தலையில துண்டு!

நிமிஷத்தை விடுங்க, திசையைப் பாருங்க. மேற்குத் தொடர்ச்சி மலையோட கிழக்கு அடிவாரம் பூராவும், அதாவது குற்றாலம், கடையம், பாபநாசம், களக்காடு, இங்கெல்லாம் சாயங்காலப் பொன் நேரம்னு ஒன்னு கிடையவே கிடையாது. சூரியன் அடிவானத்துக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மலைக்குப் பின்னால போயிடும். மலை கருப்பா நிக்கும், வயல் நிழலுக்குள்ள போயிடும். அந்த ஊர்களுக்கு வெளிச்சம் காலைலதான். சூரியன் சமவெளியிலிருந்து எழும்பி மலையோட மடிப்பு மடிப்பா இறங்கும், உச்சியில ஆரம்பிச்சு அடிவாரம் வரைக்கும். இதே மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துல கதை தலைகீழ். ஒரே மலை, ரெண்டு நேரம். இதை எந்த மெனுவுல தேடுவீங்க?

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போறவங்களையும் பார்த்திருக்கேன். வெயில் தாழ்ந்ததும் போய், பொன்னிறத் தண்ணி, அழகான நிழலுருவம், பத்தே நிமிஷத்துல கடை கட்டிட்டு வந்துடுவாங்க. படம் அழகா இருக்கும், இல்லேங்கல. ஆனா அங்க உப்பை விளைவிக்கறதே உச்சிவெயில்தான். வெள்ளை உப்புக்குவியல், கண்ணைக் கூசற தரை, காலடியில சுருண்டு கிடக்கற கருப்பு நிழல், இதான் உப்பளம். என்னைக் கேட்டா அந்த இடத்துக்குச் சரியான வெளிச்சம் மத்தியானம் 12 மணி. பொன் நேர பக்தர்கள் குடைக்குள்ள உட்கார்ந்திருக்கற நேரம். அருவிக்கும் காட்டுக்கும் மூட்டமான வானம்தான் சரி, இல்லேன்னா இலையிடுக்குல விழற வெயில் திட்டுத்திட்டா வெளுத்துப் போயிடும். ஆக, "சரியான வெளிச்சம்"னா ஆரஞ்சு வெளிச்சம் இல்ல மக்களே. அந்த இடத்தை அந்த இடமாக் காட்டற வெளிச்சம். அது எதுன்னு அங்க போய் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரிஞ்ச இடத்தைச் சொல்றேன். ஆரல்வாய்மொழி கணவாய். நாகர்கோவில்லேர்ந்து திருநெல்வேலி போற வழி, முப்பந்தல் காத்தாடிகள் நிக்கற இடம். தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல அங்க ட்ரைபாடை நிறுத்தறதே பெரிய பாடு. மேற்கே மழை கொட்டிட்டு இருக்கும், மேகம் மலைமேல ஏறி இந்தப் பக்கம் வழியும், ஆனா வழியற வேகத்துலயே கரைஞ்சுடும். அதனால கிழக்கே வெயில், தலைக்கு மேல மேகம். மேகத்துல விழற ஓட்டை வழியா வெயில் திட்டு ஒன்னு தரையில ஓடும்.

ஒரு ஆடி மாசம் லீவு போட்டுட்டு மூணு நாள் காலைல அங்க போனேன். முதல் நாள் மலையே தெரியல. டீக்கடை அண்ணாச்சி பார்த்துட்டு, "தம்பி, வெயிலு ஏறதுக்கு முன்ன பாத்துக்கிடணும், பத்து மணி ஆச்சுன்னா மேகம் வந்து அப்பிரும்"னார். ரெண்டாம் நாள் வெயில் திட்டு வந்துச்சு, ஆனா எங்கிருந்து எங்க போகுதுன்னே பிடிபடல. பார்த்துட்டே இருந்தேன். காத்து மேற்கேருந்து அடிக்குது, அப்ப திட்டு மலைச்சரிவுலேர்ந்து இறங்கி காத்தாடிகளைத் தாண்டி சமவெளிக்கு ஓடணும். ஓடுச்சு. ஒவ்வொரு தடவையும் அதே வழி. மூணாம் நாள் அதுக்கு ஏத்த மாதிரி இடத்தை மாத்தி, பாறைத்தோள் ஒன்னும் வரிசையா ஆறு காத்தாடியும் வர்ற மாதிரி வெச்சுட்டு நின்னேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு திட்டு வந்துச்சு. பாறை எரிஞ்சுது, அப்புறம் ஒவ்வொரு காத்தாடியா வெள்ளையா பத்திக்கிச்சு, மலை மட்டும் கன்னங்கரேல்னு பின்னாடி. ஒரு நிமிஷம்கூட இருக்காது. மொத்தம் நாலு படம், ஒன்னு தேறிச்சு.

அந்த ஒரு படத்தைக் காட்டி பீத்திக்கறதுக்காகச் சொல்லல. அந்த மூணு நாள்ல அந்தக் கணவாய்ல மேகம் எப்படி வருது, எப்படி உடையுது, வெயில் எந்த வழியா ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். சின்ன வயசுலேர்ந்து பஸ்ல நூறு தடவை கடந்த இடம். ஜன்னல் வழியா பார்த்ததுல இது எதுவும் தெரிஞ்சதில்ல. முதல் நாளே ஒரு வானத்தை ஒட்டியிருந்தா ரெண்டாம் நாள் அங்க போயிருக்கவே மாட்டேன்.

இனி எதிர்க்கட்சியோட பிரம்மாஸ்திரங்கள்.

"ஆன்சல் ஆடம்ஸே டார்க்ரூம்ல தில்லுமுல்லு பண்ணினவர்தானே?" இதைச் சொல்லாத ஆள் கிடையாது. சரி, ஆடம்ஸையே எடுத்துக்கலாம். 1941 நவம்பர்ல நியூ மெக்சிகோவுல ஹெர்னாண்டஸ் கிராமத்து மேல நிலா எழும்பற படம். கார்ல போயிட்டு இருந்தவர் வண்டியை ஓரங்கட்டி அவசர அவசரமா எடுத்தது. வெளிச்சமானி கையில கிடைக்கல, நிலாவோட பிரகாசம் எவ்வளவுன்னு மனப்பாடமா தெரிஞ்சதை வெச்சுக் கணக்கு போட்டார். ரெண்டாவது பிளேட்டைத் திருப்பறதுக்குள்ள கல்லறைச் சிலுவைகள் மேல இருந்த வெயில் போயிடுச்சு. அப்புறம் வருஷக்கணக்கா அந்த வானத்தைப் பிரிண்ட்ல கருப்பாக்கிட்டே போனார், உண்மை. ஆனா அது அந்த வானம். அந்த நிலா. இருட்டாக்கறதும் வெளுப்பாக்கறதும் வேற, வேற ஊர் நிலாவைக் கொண்டாந்து மாட்டறது வேற.

1944-ல லோன் பைன் ஊர்ல எடுத்த குளிர்காலச் சூரிய உதயம் படத்துக்கு நாலு நாள் விடியற்காலைல போய் நின்னார், சரியா அமையல. அஞ்சாம் நாள் கிடைச்சது. அதுலயும் முன்னாடி மேயற குதிரை பின்பக்கத்தைக் காட்டிட்டு நின்னுச்சு, அது திரும்பற வரைக்கும் காத்திருந்தார். "அந்தப் படத்துல குன்றுமேல இருந்த எழுத்துகளை அழிச்சாரே?" அழிச்சார். பள்ளிக்கூடப் பசங்க வெள்ளைக்கல்லால போட்ட ஊர்ப்பேர் எழுத்து ரெண்டு. எனக்கு அது உவப்பில்லைதான். ஆனா அழிச்சேன்னு அவரே 1983-ல வந்த தன் புஸ்தகத்துல எழுதி வெச்சார். அதனாலதான் இன்னிக்கு நீங்களும் நானும் அதைப் பேசறோம். நம்மாளுங்கள்ல எத்தனை பேர் எழுதி வெக்கறாங்க?

"வானத்தை மாத்தறது 1850-கள்லயே இருந்துச்சே?" இருந்துச்சு. பிரான்ஸ்ல குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு எடுத்து அடிவானத்துல சேர்த்தார். ஒரே மேகத்தை ஒன்னுக்கு மேற்பட்ட படத்துலயும் போட்டார். ஏன்? அந்தக் காலத்து கொலோடியன் பிளேட்டு நீல ஒளிக்குத்தான் ரொம்ப மசியும். கடல் தெரியற அளவுக்கு வெளிச்சம் கொடுத்தா வானம் வெள்ளைத்தாள் ஆயிடும். கருவியால முடியல, அவர் வழி தேடினார். உங்க கேமரா ஒரே சொடுக்குல வானத்தையும் தரையையும் பிடிக்கும். போதலைன்னா அதே இடத்துல, அதே நிமிஷத்துல ரெண்டு எடுத்துச் சேர்த்துக்கலாம், அதுக்கு நான் ஒன்னும் சொல்லல. கால் உடைஞ்சவன் ஊன்றுகோல் வெச்சிருந்தான்னு சொல்லி நீங்க ஏன் நொண்டறீங்க?

"எங்களுக்கு ஏது சார் நேரம்?" இதான் நியாயமான கேள்வி. நானும் திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஆணி புடுங்கறவன்தான், லீவு கேட்டா மேனேஜர் முகம் போற போக்கு எனக்கும் தெரியும். ஆனா காத்திருக்கறதுக்கு லடாக் போகணும்னு யார் சொன்னா? ஓவியர் மோனே 1890-லயும் 91-லயும் வரைஞ்ச வைக்கோல்போர் எல்லாம் அவர் வீட்டுப் பக்கத்து வயல்ல இருந்தது. ஏறக்குறைய 25 கான்வாஸ். வெளிச்சம் மாறினதும் ஒன்னை வெச்சுட்டு அடுத்ததை எடுப்பார். யோசிச்சுப் பாருங்க, அவர் ஓவியர்! மனசுல நினைச்ச வானத்தை வரைஞ்சா யாரும் கேட்கப் போறதில்ல. அவரே வெளிச்சத்துக்காக வயல்ல போய் நின்னார். கேமராக்காரனுக்கு நேரமில்லையாம்!

ஓ.எம்.ஆர். ஆளுங்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கு. சதுப்பு நிலத்துக்குக் கிழக்கேதான் நம்ம கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம். மார்கழி, தை மாசம் காலைல பனிமூட்டத்துல அதுங்களுக்கு நடுவுல சூரியன் எழும்பும். தண்ணியில நாமக்கோழி, பின்னாடி நாம வேலை பார்க்கற கட்டடத்தோட நிழலுருவம். ஒரு ஞாயித்துக்கிழமை போனா ஒன்னும் கிடைக்காது. பத்து ஞாயித்துக்கிழமை போனா அந்த இடம் உங்களுக்குப் பழகிடும். டீ செலவு மட்டும்தான்.

கடைசியா, ஏன் இவ்வளவு கத்தறேன்னு சொல்லிடறேன். எங்க மாவட்டத்துலயும் பக்கத்து மாவட்டத்துலயும் கல்குவாரிக்காரங்க குன்றுகளைத் தின்னுட்டு இருக்காங்க. நான் பள்ளிக்கூடம் போகும்போது இருந்த ஒரு குன்று இப்ப பாதிதான் நிக்குது. நாளைக்கு அந்தக் குன்று எப்படி இருந்துச்சு, காலை வெயில் அதுமேல எப்படி விழுந்துச்சுன்னு யாராவது கேட்டா காட்டறதுக்குப் படம்தான் இருக்கும். அந்தப் படத்துல வானம் அரிசோனாவுலேர்ந்தும், வெளிச்சம் சாஃப்ட்வேர்லேர்ந்தும் வந்திருந்தா, குன்று மட்டும் நிஜம்னு எப்படி நம்புவான்? "இதுவும் ஒட்டினதுதானே"ன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டுப் போயிடுவான். ஒரு இடத்தைக் காப்பாத்தணும்னு வாதாட நமக்கு இருக்கற சாட்சியையே நாம கெடுத்துட்டு இருக்கோம்.

ஒட்டறதைத் தடுக்க என்னால முடியாது. கல்யாண பேனருக்கு ஒட்டுங்க, காலண்டருக்கு ஒட்டுங்க. நிலக்காட்சின்னு சொல்லி ஊர்ப்பேர் போடும்போது மட்டும் பக்கத்துலயே ஒரு வரி எழுதிடுங்க: "நிலம் பாபநாசம், வானம் வேற." அந்த ஒரு வரியை எழுதக் கூச்சமா இருந்துச்சுன்னா, ஏன் கூச்சமா இருக்குன்னு கொஞ்சம் யோசிங்க.

டிஸ்கி: கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை-பொண்ணை ஸ்விட்சர்லாந்துல நிக்க வெக்கற அண்ணன்களுக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தம் இல்லை. அவங்க யாரையும் ஏமாத்தல. மாப்பிள்ளை வேட்டியோட பனியில நிக்கறது எல்லாருக்கும் தெரியும். ஹி ஹி.